வந்தபடியே அடித்துப் பார்ப்பவர்

அந்தச் சனிக்கிழமை காலை ஜூரோங் வெஸ்ட்டில், அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே கூரை போட்ட விளையாட்டுக் களத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பிக்கிள்பால் மட்டையைச் சோதிக்கும் அவர். வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவருக்குப் பந்தைத் திருப்பிக் கொடுக்க ஹனிபா. கைப்பேசியில் படம் பிடித்து எண்களை எழுத நான். கம்பி வேலிக்கு வெளியே, மடியில் கறிபஃப் டப்பாவோடு செல்வி அக்கா. வந்திருக்க வேண்டியவர், வராதவர், செல்வி அக்காவின் கணவர் பாலு அண்ணன். செம்பவாங்கில் ஒரு கிரிக்கெட் குழுவுக்குக் கேடயங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவருக்கு அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது.

சோதித்தவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் வீட்டுச் சின்ன அறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதுதான் முதல் இடைஞ்சல்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். குள்ளமான, இறுகிய உடம்பு. கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துவாலை. முப்பது வருடம் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் பரிசோதகராக இருந்தவர். இரும்பைப் பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் கருவி வைத்துக் கண்டுபிடித்து, அதன்மேல் மஞ்சள் மார்க்கரால் பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. குறி விழுந்த வெல்டை அறுத்து எடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தலைக்கவசத்தையும் காலணியையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தாராம். மார்க்கர் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

அப்போதுதான் இந்த ஊரில் பிக்கிள்பால் மூலைக்கு மூலை பரவிக்கொண்டிருந்தது. டென்னிஸுக்கும் டேபிள் டென்னிஸுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு விளையாட்டு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, சாண் அகல மட்டை; ஆடுகிறவர்கள் பேடில் என்பார்கள். இங்கே டாலரை வெள்ளி என்போம். அறுபது வெள்ளிக்கும் மட்டை உண்டு, நானூறு வெள்ளிக்கும் உண்டு. எதை வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

மட்டையின் பிடியை இரண்டு விரலில் தொங்கவிட்டு, நடுவிரல் முட்டியால் முகத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். கண்ணை மூடிக்கொள்வார். ஓர் இடத்தில் சத்தம் மாறும். எனக்கு அது கேட்டதே இல்லை. அவர் அங்கே நிறுத்தி, திரும்பத் தட்டி, "இங்க செத்துப் போச்சு" என்பார். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அடுக்கு அந்த இடத்தில் நசுங்கியிருக்கும். ஒருமுறை யாரோ நம்பாமல் கேட்டதற்கு, களத்திலேயே அறுத்துக் காட்டினார். நசுங்கித்தான் இருந்தது. அறுத்தது கேட்டவரின் மட்டை.

பிறகு அடித்துப் பார்ப்பார். பத்து சர்வீஸ், பத்து பலத்த அடி, வலைக்கு அருகில் நின்று பத்து மெல்லிய தட்டல். பந்தின் பாதியைக் கறுப்பு மையால் பூசியிருப்பார். நான் அதை மெதுவோட்டத்தில் படம் பிடித்து, கறுப்புப் பக்கம் ஒரு நொடிக்கு எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ண வேண்டும். அதுதான் சுழற்சிக் கணக்கு. நல்ல மட்டை நொடிக்கு இருபத்தைந்து சுற்று தரும். எல்லாம் முடிந்ததும் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே வார்த்தை: "பாத்தாச்சு." அதற்குமேல் பேச்சு கிடையாது. மாலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காணொளி வரும். ஜூரோங்கிலிருந்து ஈஷூன் வரை விளையாடும் தமிழர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மட்டை வாங்கினார்கள்.

நான் துவாஸில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எந்தப் பாரத்தில் உடைந்தது என்று எழுதும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எண் போட்டு எழுதிய தாள் ஆள் பார்த்துப் பேசாது என்று நம்பித்தான் படித்தேன். அதனால் அவருக்கு எண்கள் எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. எங்கள் ஆய்வக அறிக்கையில் முதல் வரி, மாதிரி எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதாக இருக்கும். ஈரமாக வந்ததா, விளிம்பு உடைந்து வந்ததா, மண் ஒட்டி வந்ததா. மட்டைக்கும் அப்படி ஒரு வரி சேர்க்கலாமே, அழுக்கிருந்தால் துடைத்துவிட்டு அடிக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்தபடியே அடிக்கிறதுதான் தம்பி டெஸ்ட்டு. குளிப்பாட்டி, பவுடர் போட்டு அடிச்சா அது பொண்ணு பாக்குறது."

ஹனிபா விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவரிடம் எதையும் நீட்டக் கூடாது என்று தெரியாமல் நீட்டியவர்களில் அன்பழகன் ஒருவர். பேருந்து ஓட்டுநர். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள், பகுதி நேர வேலையில் கிடைத்த முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு விலை உயர்ந்த மட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். பிறந்தநாள். கேக்கைக்கூடக் களத்துக்கே எடுத்து வந்திருந்தார்கள். "அண்ணே, சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க" என்று அன்பழகன்தான் நீட்டினார். சோதிக்கச் சொல்லி இல்லை. மகள் வாங்கிக் கொடுத்ததை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவர் கண்ணை மூடித் தட்டினார். கைப்பிடிக்கு மேலிருந்த ஒட்டுத்தாளை நகத்தால் கிளப்பினார். அதன் அடியில் வேறொரு பெயர் இருந்தது.

"டூப்ளிகேட்டு."

ரசீது இருக்கிறதே அங்கிள் என்றாள் அந்தப் பெண்.

"ரசீது ஒரிஜினலா இருக்கும்மா. பேடில்தான் டூப்ளிகேட்டு. கடைக்காரன் ஏமாத்தல, நீ ஏமாந்திருக்க."

யாரும் தடுப்பதற்குள் மார்க்கரை எடுத்து மட்டையின் முகத்தில் பெருக்கல் குறியைப் போட்டுவிட்டார். அன்பழகன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கப்பலின் அடிப்பாகத்தில் உப்புத் தண்ணீரைத் தாங்கும் மை அது. போகாது. குறியோடு மூன்று வாரம் விளையாடினார். நான்காவது வாரம் மட்டையின் முகம் தனியாகப் பிரிந்து வந்தது. அண்ணன் அன்றைக்கே சொன்னாரே என்று எல்லாரும் வியந்தார்கள். பிறகு அன்பழகன் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, வேறு களத்துக்குப் போயிருப்பான் என்றார் அவர், உண்மையிலேயே அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல.

கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எழுதுவது சுலபமாக இருக்கும். ஒரு நிறுவனத்தார் சோதனைக்கு மட்டை அனுப்பியபோது பெட்டிக்குள் பணம் வைத்த ஓர் உறையும் இருந்தது. உறையை அப்படியே திருப்பி அனுப்பினார். மட்டை நன்றாக இருந்ததால் நன்றாக இருக்கிறது என்று காணொளியும் போட்டார். உறை அனுப்பியவன் மட்டையை நல்லா செய்யக் கூடாதுன்னு சட்டமா என்று என்னிடம் கேட்டார். சோதனைக்கு வந்த எந்த மட்டையையும் அவர் வைத்துக்கொண்டதில்லை. கொண்டுவந்தவர் வாங்கித் தரும் கோப்பியைக்கூடத் தொடமாட்டார். தன் காசில் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் ஒன்று வாங்கித் தனியாக நின்று குடிப்பார்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே யாரும் "எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. அவர் மனைவி புதுப் புடவை கட்டினால் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கிளம்பிப் போவார். மீன் குழம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார். நான் குடிவந்த புதிதில், ஊரிலிருந்து வந்த என் தங்கையின் கல்யாணப் படங்களை அவரிடம் காட்டப் போனேன். அந்த அம்மாள் சமையலறை வாசலில் என்னை நிறுத்தினார்.

"அவர்கிட்ட எதையும் காட்டாத தம்பி. காட்டினா பாத்துருவாரு."

செல்வி அக்காவிடம் இதைச் சொல்ல ஆளில்லை.

தேக்காவில், டன்லப் ஸ்ட்ரீட்டில், கோப்பை, கேடயம், கேரம் போர்டு, ஜெர்சி அச்சடிப்பு என்று பாலு அண்ணனும் செல்வி அக்காவும் ஒரு கடை வைத்திருந்தார்கள். ஊழியர் விடுதிகளின் கிரிக்கெட் குழுக்கள்தான் பெரும்பாலும் வாடிக்கை. அதுவும் குறைந்துகொண்டே வந்தது. கடை வாடகை ஏறியது. அப்போது செல்வி அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் வாங்கும் மட்டையை நம் பெயரில் செய்யச் சொன்னால் என்ன? சீனாவில் ஒரு தொழிற்சாலையைப் பிடித்து, கையிலிருந்ததைப் போட்டு, இருநூறு மட்டை செய்து இறக்கினார்கள். பெயர் 'வேல்'. கறுப்பு முகத்தில் வெள்ளியில் ஒரு மெல்லிய வேல். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நகரத்தில் ஒரு தமிழ் இளைஞர் சங்கம் போட்டி நடத்த இருந்தது. நம்மவர் கடை, நூற்றிருபது மட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று வாய்வார்த்தை கொடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, அண்ணன் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நூற்றிருபது போனால் கடை முழுதாக நிற்கும். போகாவிட்டால் பாதிக் கடையை விட்டுவிட வேண்டியதுதான். செல்வி அக்கா இதை ஒளிவுமறைவில்லாமல் எல்லாரிடமும் சொன்னார். அவரிடமும் சொன்னார். "அதெல்லாம் எனக்கெதுக்கும்மா, பேடில கொண்டாங்க" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை செல்வி அக்கா கொண்டுவந்த மட்டை பெட்டியில் இல்லை. புதுப் பட்டுத்துணியில் சுற்றியிருந்தது. மட்டைகள் வந்து இறங்கியது ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஒன்றைப் பிரித்து, கடைச் சாவி, ஜெர்சி அச்சடிக்கும் இயந்திரம் எல்லாவற்றோடும் சேர்த்துப் பூஜையில் வைத்தார்களாம். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மூன்று நாள் அப்படியே வைத்திருந்து, அன்று காலையில்தான் ஈரத் துணியால் துடைத்து எடுத்தார்களாம்.

"பெட்டியப் பிரிக்காதத கொண்டு போன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. எனக்கு மனசு வரலண்ணே. சாமிகிட்ட வச்சதத்தான் உங்க கையில கொடுக்கணும்னு எடுத்துட்டு வந்தேன்."

அவர் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

இந்த மட்டைகளின் முகம் உப்புத்தாள்போல மெல்லிய சொரசொரப்பு கொண்டது. அந்தச் சொரசொரப்புதான் பந்தைப் பற்றிச் சுழற்றும். விளையாடுகிறவர்கள் அதில் ஒட்டும் தூசியைப் போக்க, தடித்த அழிரப்பர் ஒன்றை வைத்துத் தேய்ப்பார்கள். அவர் சோதனைக்கு முன்னால் அப்படிச் செய்வதில்லை, முடிந்தபிறகு மட்டும் தேய்த்து, சொரசொரப்பு உதிர்கிறதா என்று பார்ப்பார்.

முதல் சர்வீஸிலேயே பந்து வழுக்கியது. ஹனிபா நின்ற இடத்திலிருந்து நகராமல் திருப்பி அடித்தான். பத்தும் அப்படித்தான். நான் படத்தை ஓட்டி எண்ணினேன். நொடிக்குப் பதினான்கு. இரண்டாம் முறை எண்ணினேன். பதினான்கு. பந்தின் வெள்ளைப் பாதியில் மங்கலாக ஏதோ அப்பியிருப்பதுபோல் படத்தில் தெரிந்தது. வெளிச்சம் என்று நினைத்தேன்.

பலம், கட்டுப்பாடு எல்லாம் நன்றாகவே வந்தன. கடைசியில் ரப்பரை எடுத்து மட்டையின் ஓரத்தில் நான்கு இழுப்பு இழுத்தார். கறுப்பாக வர வேண்டிய துகள் வெளிர் மஞ்சளாக வந்தது. இழுப்பதை நிறுத்தினார். துகளை விரல் நுனியில் எடுத்து மூக்குக்கருகே கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற எனக்கே சந்தன வாசனை வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். அவர் திரும்பியதும் செல்வி அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார், கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து. அவர் துகளை வாயால் ஊதிவிட்டார்.

"எழுதிக்க. ஸ்பின் பத்துக்கு மூணு."

"அண்ணே" என்றேன்.

"எழுதிக்க தம்பி."

எழுதினேன்.

வெளியே வந்ததும் செல்வி அக்கா கறிபஃப் டப்பாவைத் திறந்து நீட்டினார். எப்படிண்ணே என்று கேட்டார். வீடியோவில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் கோப்பி வாங்கப் போய்விட்டார். ஹனிபா இரண்டு கறிபஃப் சாப்பிட்டான். அக்கா முகத்துக்காக அந்த இடத்திலேயே ஒரு வேலுக்குப் பணமும் கொடுத்து, பெட்டி பிரிக்காத ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

காணொளி மாலையில் வந்தது. கேமராவுக்கு நேராக மட்டையைத் தூக்கிப் பிடித்து, மார்க்கரால் மெதுவாக, கோணல் இல்லாமல், பெருக்கல் குறி போட்டார். பிறகு சொன்னார்: "பேரு வேல். முனை இல்ல."

அவ்வளவுதான். அதை ஊர் பிடித்துக்கொண்டது. யாரோ அவர் முகத்தோடு அந்த வரியை வாட்ஸ்அப் ஸ்டிக்கராகவே செய்துவிட்டார்கள். மட்டைக்கு மட்டுமில்லை, மோசமான சர்வீஸ், வராத பஸ், கூட்டத்தில் உளறிய மேனேஜர் எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டிக்கரைப் போட்டார்கள். ஹனிபா மட்டும், பெட்டி பிரித்து நான்கு நாள் விளையாடிவிட்டுக் குழுவில் எழுதினான், என்னுடைய வேல் நல்லாத்தான் இருக்கு என்று. கீழே அவர் பதில் போட்டார்: "நல்ல பேடிலோட பழகினா தெரியும்." அதற்கும் ஸ்டிக்கர்கள் விழுந்தன. "அண்ணன்கிட்ட வாய் கொடுக்க முடியுமா லா" என்று ஹனிபா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். சந்தன விஷயம் அவனுக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஹனிபாவின் மட்டையை வாங்கி, அவனையே அடிக்கச் சொல்லி, அதே மாதிரி படம் பிடித்தேன். நொடிக்கு இருபத்தேழு. அன்று இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். உதடு அசைய அவரே எண்ணினார்.

"நல்ல பேடில்" என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த வீடியோண்ணே?"

"எது?"

"வேல் வீடியோ. அதுல சொரசொரப்புல சந்தனம் அடைச்சிருந்துச்சுல்ல."

"இருந்துச்சு. எனக்குக் கொடுத்தது அது. நான் அடிச்சது அது. நான் தப்பா அளக்கல தம்பி, அவங்க தப்பா கொடுத்தாங்க. ரெண்டும் வேற."

அவங்களுக்குத் தெரியாதே என்றேன். தெரியாதவர்கள் பேடில் செய்யக் கூடாது என்றார். இன்னொரு முறை அடித்துப் பார்க்கலாமே என்றேன். ஒரு தடவை திருத்தினால், இதற்கு முன்னால் சொன்ன எல்லாவற்றையும் யாராவது திருத்தச் சொல்வார்கள், கப்பலில் குறி போட்ட வெல்டை ஒருநாளும் அழித்ததில்லை என்றார். குரல் உயரவே இல்லை. அவர் மனைவி வந்து எச்சில் தட்டை எடுக்கும் சாக்கில் என் தோள்மேல் முழங்கையால் லேசாக இடித்துவிட்டுப் போனார்.

"உனக்கு வேணும்னா நீ போடு. உன் பேர்ல. நீ எடுத்த வீடியோதான" என்றார் அவர். பிறகு கை கழுவ எழுந்தவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "போட மாட்ட. பாத்தாச்சு."

நான் போடவில்லை. அவர் வீட்டில் இருந்தேன் என்பது ஒரு காரணம். அதைவிட, பத்துக்கு மூன்று என்று எழுதிய கையெழுத்து என்னுடையது. மஞ்சள் துகளைப் பார்த்த பிறகு எழுதியது. அதை எப்படி வெளியே சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அதிகம் முயலவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு மளிகை வாங்கப் போனவன் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. செல்வி அக்கா கூப்பிட்டுவிட்டார். உள்ளே போனேன். தரை முழுவதும் பெட்டிகள். எல்லாம் பிரிந்து கிடந்தன. மட்டைகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அக்கா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து முகம் முழுவதும் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய பாதி முடிந்திருந்தது.

"ஒண்ண மட்டும் சாமிகிட்ட வச்சேன் பாரு தம்பி, அதான் தப்பாப் போச்சு. நூத்தித் தொண்ணூத்தி சொச்சத்த பெட்டிக்குள்ளயே போட்டுட்டு ஒண்ண மட்டும் வச்சா எப்படி? சங்கத்துப் பையன் நாளைக்கு அவனே வந்து அடிச்சுப் பாக்குறேன்னிருக்கான். நல்ல பையன். இன்னொரு சான்ஸ் கொடுக்குறான்."

பூச வேண்டாம் அக்கா என்றேன். அவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்டார். என் வாயில் அடுத்த வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால், அன்றைக்கே தெரியுமா என்று அடுத்த கேள்வி வரும்.

"கெடக்கட்டுமேக்கா. புதுசாவே இருக்கட்டும்."

"சாமி காரியத்த பாதியில விடச் சொல்றியா?" அவர் கோபப்படவில்லை. மறுபடி கிண்ணத்தில் கைவிட்டார். பிறகு, பூசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நீயும் கூடவே நின்னியே தம்பி. நெசமாவே அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"நம்பர் அப்படித்தான்கா வந்துச்சு."

"ம்" என்றார். "அண்ணன் உள்ளதத்தான் சொல்லியிருப்பாரு."

மறுநாள் சங்கத்துப் பையன் வந்தான். அழகாகத் துடைத்து வைத்திருந்த வரிசையிலிருந்து அவனே மூன்று எடுத்தான். பக்கத்து சமூக மன்றக் களத்தில் அடித்துப் பார்த்தான். மூன்றும் வழுக்கின. அண்ணன் சொன்னது அப்படியே சரியாக இருக்கிறது என்று குழுவில் மரியாதையாக எழுதினான். சங்கம் வேறு மட்டை வாங்கிக்கொண்டது. அவருடைய காணொளியை அதற்குப் பிறகுதான் இன்னும் நிறையப் பேர் பார்த்தார்கள்.

கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிவிட்ட கதையை அவரிடம் நான்தான் சொன்னேன். ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்துச் சொன்னேன். 

"அப்ப இருநூறும் ஃபெயிலு" என்றார். தன் கணக்கு நேராகிவிட்ட நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. சத்தியமாக அது கேலி இல்லை.

மூன்று மாதம் கழித்து, நான் அந்த அறையைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்த வாரத்தில், தேக்கா பக்கம் போகிறாயா என்று கேட்டார். போனால் அந்தக் கடையில் வேல் இரண்டு வாங்கி வரச் சொன்னார். ஒன்பது வெள்ளிக்குப் போடுகிறார்களாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கே பதில் சொன்னார்.

"அந்த வெலைக்கு அப்படி ஒரு பேடில் எங்கயும் கெடைக்காது தம்பி. ரப்பர் போட்டு ஒரு மணி நேரம் தேச்சா சந்தனம் போயிரும். மேல பேர மட்டும் டேப் போட்டு மறைச்சுக்கலாம்."

பதினெட்டு வெள்ளியை, மீதி வராதபடி, சரியாக எண்ணிக் கொடுத்தார்.

கடையில் பாலு அண்ணன் மட்டும் இருந்தார். வலது பக்கச் சுவரில் கோப்பைகள் இருந்த அலமாரியைக் காணவில்லை. கைப்பேசி உறை விற்கப்போகிற ஒருவர் அங்கே அளவுநாடாவால் தரையை அளந்துகொண்டிருந்தார். செல்வி அக்கா ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலைக்குப் போகிறாராம், காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறாராம். மட்டைகளை மொத்தமாக ஒரு மழலையர் பள்ளி கேட்டிருக்கிறது, ஸ்பாஞ்சுப் பந்து வைத்துப் பிள்ளைகள் அடிக்க. அதற்கும் ஒன்பது வெள்ளிதான்.

யாருக்கு இரண்டு என்று பாலு அண்ணன் கேட்டார். சொன்னேன். கை ஒரு கணம் நின்றது. பிறகு, இருந்ததில் கீறல் இல்லாத இரண்டாகப் பார்த்து எடுத்துத் தமிழ்ப் பேப்பரில் சுற்றினார்.

"அண்ணன் மேல எங்களுக்கு வருத்தம் இல்ல தம்பி. அவரே ஆள் விட்டு வாங்குறாருன்னா ஏதோ பாவம் பாத்து வாங்குறாரு. செல்விகிட்ட சொல்றேன், சந்தோஷப்படும்."

மொத்தத்தில் எவ்வளவுண்ணே போச்சு என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஓர் எண்ணாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர் கால்குலேட்டரைத் தேடவில்லை. மனப்பாடமாக இருந்தது.

"எல்லாம் போக, நட்டம் ஆறாயிரத்து நானூறு வெள்ளி."